செரங்கெட்டி ஓரம், கூடார முகாம்: 66 வயது அம்மாவை அழைத்துப் போகலாமா?

மலைச்சாரல் | அக்டோபர் 11

எல்லாருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் நானும் அம்மாவும் தான்சானியாவில் செரங்கெட்டி தேசியப் பூங்காவின் ஓரத்தில் இருக்கும் நிடூட்டுவுக்கு விலங்கு பார்க்கப் போவதாக இருக்கிறோம். அம்மா சத்தியமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவர். வயது 66. பத்து வருடமாகச் சர்க்கரை, இரவில் ஒரு வேளை இன்சுலின் போடுகிறார். முழங்கால் கொஞ்சம் படுத்தும், மற்றபடி நன்றாக நடப்பார்.

ஏற்பாட்டாளர் எங்களுக்குக் கட்டட லாட்ஜ்தான் போட்டிருந்தார். அவர் அனுப்பிய தாளை அம்மா வரி விடாமல் படித்துவிட்டு, "நிடூட்டுவில் கூடாரத்திலும் தங்கலாம்னு போட்டிருக்கே, அதையே போடச் சொல்லு" என்றார். வேலி கிடையாது, ராத்திரியில் விலங்குகள் கூடாரத்தை ஒட்டியே நடக்கும் என்று படித்ததிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதே வரியைப் படித்த பிறகுதான் அம்மாவுக்கு ஆசை கூடிவிட்டது. சரி என்று சொல்லவும் தைரியம் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

உள்ளே எப்படி இருக்கும்? ராத்திரி கழிவறைக்கு எழுந்தால் என்ன செய்வது? உடம்புக்கு முடியாமல் போனால்? தங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அருஷாவாசி | அக்டோபர் 11

அக்கா, நான் தான்சானியாவின் அருஷா நகரில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். நிடூட்டுவுக்கு மட்டும் ஆறு முறை போயிருக்கிறேன். அதில் ஒரு முறை என் மாமியாரோடு, அவருக்கு அப்போது 70.

கூடாரம் என்றதும் மலைக்குப் போய்க் குனிந்து நுழைகிற சின்னக் கூடாரத்தை நினைக்காதீர்கள். இது கெட்டிக் கித்தானில் தைத்த ஒரு வீட்டு அறை. நிமிர்ந்து நடக்கலாம். சரியான கட்டில், மெத்தை, போர்வை எல்லாம் உண்டு. சன்னல்களுக்குக் கொசுவலை, அதன் மேல் சுருட்டி இறக்குகிற கித்தான். கழிவறையும் குளிக்கிற இடமும் பின்பக்கம் அதே கூடாரத்தோடு சேர்ந்திருக்கும், இடையில் ஜிப் வைத்த திரைதான். ஆக, ராத்திரி வெளியே கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்பதிவு செய்யும்போது இதை மட்டும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மலிவான பொது முகாம்களில் கழிவறை தனியாக, தள்ளி இருக்கும். அம்மாவுக்கு அது வேண்டாம்.

குளியல்தான் கொஞ்சம் புதுசாக இருக்கும். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு கம்பம், கப்பி, அதில் ஒரு வாளி. எத்தனை மணிக்குக் குளிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்த நேரத்துக்கு விறகடுப்பில் காய்ச்சிய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி மேலே ஏற்றுவார்கள். சுமார் இருபது லிட்டர். உள்ளே சங்கிலியை இழுத்தால் கொட்டும். நனைந்ததும் நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்தால் தாராளமாகப் போதும். அத்தனை தண்ணீரும் லாரியில் வருகிறது.

நிடூட்டு என்பது செரங்கெட்டிக்குத் தெற்கே, நிகோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியின் மேற்கு ஓரம். நிடூட்டு, மசெக் என்று இரண்டு உவர் ஏரிகள், சுற்றிலும் குடை விரித்த மாதிரி வேல மரங்கள், அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை குட்டைப் புல். இடம் மாறிக்கொண்டே இருக்கும் இந்த முகாம்கள் டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான் அங்கே இருக்கும். பிறகு கட்டில் முதல் கரண்டி வரை லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஜூன், ஜூலையில் அதே முகாம் வடக்கே மாரா ஆற்றுப் பக்கம் கோகடெண்டேயில் எழும்பும். சிமெண்டு போட்ட தரை எதுவும் கிடையாது. வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் இனம்) கூட்டம் போகிற பாதையில் முகாமும் கூடவே போகிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி நல்ல தேர்வு. சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்டில் பெரும்பகுதி அப்போது அந்தத் தெற்குச் சமவெளியில்தான் இருக்கும். ஓல் டோய்ன்யோ லெங்காய் போன்ற எரிமலைகள் காலங்காலமாகக் கொட்டிய சாம்பல் மண் அது. அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் அதிகம், பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் மொத்தமாகப் பிறப்பதும் அங்கேதான். அம்மாவுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

நெடுவழி | அக்டோபர் 12

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வருடம் முன்பு மாமனாரோடு போனோம், அவருக்கு 69. ஏற்பாட்டாளர் "கூட்டத்துக்கு நடுவிலேயே முகாம்" என்று சொல்லிப் பணம் வாங்கினார். போய்ப் பார்த்தால் முகாம் இருந்த இடத்திலிருந்து சமவெளிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அருஷாவிலிருந்து முதல் நாளே ஒரே மூச்சாகச் சாலையில் கூட்டிப் போனார்கள். நிகோரோங்கோரோவுக்குள் நுழைகிற லோடோவாரே வாசலோடு தார்ச்சாலை முடிகிறது. அப்புறம் செம்மண் தடம், அலை அலையாக வரிவிழுந்த பாதை. மாமனாருக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. மூன்றாவது நாள் அவர் வண்டியில் ஏறவே இல்லை, கூடாரத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்காகத்தான் போனோம், அவரே பார்க்கவில்லை. எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

வயதானவர்களுக்குக் கட்டட லாட்ஜே மேல் என்பது என் அனுபவம்.

அருஷாவாசி | அக்டோபர் 12

நெடுவழி சொல்வது முழுக்க உண்மை. ஆனால் உங்கள் மாமனாரைப் படுத்தியது கூடாரம் இல்லை, சாலை. லாட்ஜில் தங்கியிருந்தாலும் அதே சாலையில்தான் போயிருப்பீர்கள்.

மலைச்சாரல் அக்கா, இரண்டு வழி இருக்கிறது. அருஷாவின் சின்ன விமான நிலையத்திலிருந்து நிடூட்டு ஓடுதளத்துக்குப் பன்னிரண்டு பேர் உட்காரும் செஸ்னா கேரவன் போகிறது, சுமார் ஒரு மணி நேரம். இறங்கும் இடம் வெறும் மண் தடம்தான். வரிக்குதிரை நின்றால் வண்டி ஒன்று முன்னால் ஓடி விரட்டிவிட்ட பிறகே விமானம் இறங்கும். பெட்டி பெரும்பாலும் 15 கிலோ, கைப்பையும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஆகாது, துணிப்பைதான். இன்னொரு வழி, போகும்போது சாலை, திரும்பும்போது விமானம். சாலையில் போனால் ஒரே நாளில் ஓடாமல் வழியில் கரட்டு என்ற ஊரில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். வழியில் வரும் நிகோரோங்கோரோ எரிமலைக் குழியின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம், காலையில் குளிர் நடுக்கும், ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.

எந்த வழியில் போனாலும் ஒரே முகாமில் மூன்று ராத்திரி தங்குங்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தினம் ஒரு ஊர் என்று போட்ட திட்டத்தில்தான் பெரியவர்கள் சோர்ந்து போகிறார்கள். கூட்டம் இன்று எங்கே நிற்கிறது, முகாமிலிருந்து எவ்வளவு நேரம் என்று கிளம்புவதற்கு முந்தின வாரம் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். மழையைப் பொறுத்து அது மாறும், பதில் எழுத்தில் வரட்டும்.

மருந்துப்பெட்டி | அக்டோபர் 13

நான் பொதுமருத்துவர். பயண மருத்துவம் என் தினசரி வேலையில் ஒரு பகுதி. அம்மாவின் மருத்துவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, இருந்தாலும் கேட்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இந்தியாவிலிருந்து நேராகத் தான்சானியா போனால் அவர்கள் சான்றிதழ் கேட்பதில்லை. நைரோபி வழியாகப் போய் அங்கே வெளியே வந்து தங்கினால் கேட்பார்கள், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் தனிமைப்படுத்தும் விதி இருக்கிறது. ஊசி போடுவது சுலபம்தானே, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதன்முறையாக இந்த ஊசி போட்டால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். ஆகவே உங்கள் அம்மாவுக்கு ஊசியே தேவைப்படாத வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தோஹா வழியாகக் கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கினால் இந்தச் சிக்கலே இல்லை. விதிகள் மாறும், டிக்கெட் போடுவதற்கு முன்பு ஒரு முறை சரிபாருங்கள்.

மலேரியா. "நம்ம ஊர்லயும்தானே கொசு கடிக்குது" என்று மாத்திரையை விட்டுவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அங்கே பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் வகை, ஆளை அடித்துப்போடும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கித் தினமும் ஒன்று, திரும்பிய பிறகும் ஏழு நாள். சர்க்கரை உள்ளவர் என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதித் தருவார்கள். திரும்பிய பிறகு மாதக் கணக்கில் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "ஆப்பிரிக்கா போய் வந்தோம்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இன்சுலின் கைப்பையில்தான். சரக்கு அறையில் உறைந்துபோகலாம். உபயோகத்தில் இருக்கும் பேனா அறை வெப்பத்திலேயே சில வாரம் தாங்கும், நிடூட்டு இரவுகள் குளிர்ச்சிதான். நிறுத்தி வைத்த வண்டிக்குள் வெயிலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். கூடுதல் பேனாவை முகாமின் சமையல் கூடாரத்துக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லலாம், முன்கூட்டியே கேளுங்கள்.

அவசரத்துக்கு ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் என்ற விமான ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. 1957இல் தொடங்கிய அமைப்பு, நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து பறக்கிறார்கள். பல முகாம்கள் விருந்தினரை அதில் உறுப்பினராகச் சேர்த்தே கட்டணம் வாங்குகின்றன. உங்கள் முகாம் சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீடு அதற்கு மேல் தனியாக வேண்டும்.

மலைச்சாரல் | அக்டோபர் 14

எல்லாருக்கும் மிக்க நன்றி. மருந்துப்பெட்டி சொன்ன தடுப்பூசி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் நைரோபியில் ஒரு நாள் தங்கிச் சுற்றிப் பார்ப்பதாகத்தான் இருந்தோம். மாற்றிவிட்டேன்.

கழிவறை உள்ளேயே என்றதும் பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பாதியை வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன். கித்தானுக்கு அந்தப் பக்கம் சிங்கம் நின்றால்?

அருஷாவாசி | அக்டோபர் 14

நிற்கும். பொய் சொல்ல மாட்டேன். ஜிப்பை முழுக்க இழுத்து மூடியிருக்கும் வரை உங்கள் கூடாரம் அதற்கு ஒரு பெரிய பாறை மாதிரி. சுற்றிக்கொண்டு போய்விடும். ஜிப்பைத் திறந்து வைப்பது, உள்ளே சாப்பாடு வைப்பது, இருட்டில் தனியாக வெளியே வருவது, இந்த மூன்றிலிருந்துதான் ஆபத்து வருகிறது. இந்த மூன்றையும் செய்யாதீர்கள்.

இருட்டின பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடாரத்துக்கு நாற்பது அடி என்றாலும் காவலர் வந்து கூட்டிப்போக வேண்டும். அஸ்காரி என்பார்கள். நிடூட்டுப் பக்கம் பெரும்பாலும் மாடு மேய்க்கும் மாசாய் இன இளைஞர்கள், சிவப்புப் போர்வை, கையில் ஈட்டியும் டார்ச்சும். கூடாரத்தில் ஒரு விசிலோ வாக்கிடாக்கியோ இருக்கும். வந்து சேர்ந்ததும் கூப்பிடும் முறையைச் சொல்லித் தருவார்கள், அம்மாவையும் ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கூடாரத்துக்குக் கதவு இல்லை, தட்ட முடியாது. காலையில் காபி கொண்டுவருகிறவர் வெளியே நின்று "ஹோடி" என்பார். உள்ளே வரலாமா என்று அர்த்தம். "கரீபு" என்று நீங்கள் பதில் சொன்னால்தான் ஜிப்பில் கை வைப்பார். சுவாஹிலி பேசுகிற வீடுகளில் எல்லாம் இப்படித்தான். அம்மாவுக்கு இந்த இரண்டு சொல்லையும் இப்போதே சொல்லிக்கொடுங்கள்.

உடை விஷயமும் சொல்லிவிடுகிறேன். கருநீலம், கறுப்பு வேண்டாம். மரத்தோப்புப் பக்கம் செட்சி ஈ இருக்கும், அதற்கு அந்த நிறங்கள்தான் பிடிக்கும். அதைப் பிடிக்கிற பொறிகளையே நீலத்திலும் கறுப்பிலும்தான் தைத்து மரத்தில் தொங்கவிடுகிறார்கள். ராணுவப் புள்ளி போட்ட துணி இங்கே பொதுமக்களுக்குத் தடை. பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜூனிலிருந்து தடை, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நாலைந்து மஞ்சப்பை எடுத்து வாருங்கள், நம் ஊர்ப் பை இங்கே நன்றாக உழைக்கும்.

புல்வெளி | அக்டோபர் 16

எல்லாரும் விலங்கைப் பற்றியே பேசுகிறோம். அந்த நிலத்து மனிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவானது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மாசாய் மக்களை 1959இல் வெளியேற்றினார்கள். நிகோரோங்கோரோவைத் தனியாகப் பிரித்து, அங்கே நீங்கள் விலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். 2022இலிருந்து அங்கிருந்தும் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி ஹண்டேனி மாவட்டத்தின் ம்சொமேராவுக்குக் குடும்பங்களை அனுப்புகிறார்கள். மக்கள் தொகையும் மாடும் பெருகி நிலம் தாங்கவில்லை, விருப்பப்பட்டவர்கள்தான் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணத்தை நிறுத்தி எங்களை நெருக்குகிறார்கள் என்கிறார்கள் அந்த மக்கள். 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் சாலையில் இறங்கிப் போராடினார்கள்.

"மனிதர் கால் படாத காடு" என்று விளம்பரத்தில் எழுதுகிற நிடூட்டு இந்தப் பாதுகாப்புப் பகுதிக்குள்தான் இருக்கிறது. போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போங்கள்.

நெடுவழி | அக்டோபர் 16

நான் போய் வந்தவன், இது எனக்குத் தெரியாது. நன்றி. எங்கள் அஸ்காரியிடம் ஈட்டியோடு படம் எடுத்துக்கொண்டேனே தவிர, அவர் ஊர் எது என்றுகூடக் கேட்கவில்லை.

அருஷாவாசி | அக்டோபர் 17

புல்வெளி சொன்னதற்கு நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது, வேலைக்கு இருப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பகுதி ஆட்கள் என்று கேளுங்கள். நல்ல முகாம் உடனே பதில் சொல்லும். மழுப்புகிற முகாமை நான் விட்டுவிடுவேன்.

தயிர்சாதம் | அக்டோபர் 20

நடுவில் நுழைகிறேன். நாங்கள் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. அங்கே பட்டினிதானா?

அருஷாவாசி | அக்டோபர் 20

கவலையே வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் குஜராத்திகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சப்பாத்தி சுவாஹிலியிலும் சப்பாத்திதான், சமோசா சம்பூசா ஆகிவிட்டது, டீ சாய். சமையல்காரர்களுக்குச் சைவம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். மஹராகே என்று பீன்ஸைத் தேங்காய்ப் பாலில் வேகவைப்பார்கள், ம்சிசா என்று நம் கீரை மாதிரியே ஒரு பொரியல், சோளமாவில் கிண்டிய உகாலி. முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். லாரி வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் வரும், போய் இறங்கிய பிறகு கேட்டால் பருப்புக்கு எங்கே போவார்கள்?

பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். ஆனால் கூடாரத்தில் வைக்கக் கூடாது, மூடி போட்ட டப்பாவில் சமையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பழ வாசனைக்கு யானை வரும், பட்சணத்துக்கு பபூன் குரங்கு வரும்.

மலைச்சாரல் | மார்ச் 9

போய் வந்துவிட்டோம்! இந்த இழையில் பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் அம்மா தனித்தனியாக நன்றி சொல்லச் சொன்னார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும்.

கிளிமஞ்சாரோவில் இறங்கி, அருஷாவில் ஒரு ராத்திரி, கரட்டுவில் ஒரு ராத்திரி. போகும்போது சாலை, திரும்பும்போது விமானம். சாலையில் போனது நல்லதாகப் போயிற்று, வழியில் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கு இருந்ததே. 1959இல் ஆய்வாளர் மேரி லீக்கி ஆதிமனித இனம் ஒன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். பதினேழரை லட்சம் வருடப் பழசு என்று அம்மா வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ. அந்த இடத்தின் சரியான பெயர் ஓல்டுபாய், அங்கே முளைக்கிற ஒரு காட்டுக் கற்றாழைக்கு மாசாய் மொழியில் அதுதான் பெயர் என்று ஓட்டுநர் சொன்னதும், அம்மா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முப்பது வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனே என்று அன்று முழுக்க அவருக்கு வருத்தம்.

சாலையில் ஒரு சொல் கற்றோம், பெண்கள் எல்லாருக்கும் பயன்படும். வழியில் கழிவறை இல்லாத இடத்தில் ஒதுங்க வேண்டும் என்றால் "குச்சிம்பா டாவா" என்று சொல்ல வேண்டும். மருந்து தோண்டப் போகிறேன் என்று அர்த்தமாம். ஓட்டுநர் உடனே நல்ல இடமாகப் பார்த்து, வண்டியைச் சுற்றி நடந்து, புதரை எல்லாம் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அம்மாவுக்கு இதில் இருந்த கூச்சம் இரண்டாம் நாளே போய்விட்டது.

முகாமில் எட்டே கூடாரங்கள். சுற்றிலும் இருந்த வேல மரங்களைப் பார்த்ததும் "நம்ம ராமநாதபுரத்துக் குடைவேல் மாதிரியே இருக்கே" என்றார் அம்மா. எங்கள் கூடாரத்து அஸ்காரி இருபத்திரண்டு வயதுப் பையன். அம்மாவை "மாமா" என்றே கூப்பிட்டான். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. முதல் நாள் சாயங்காலம் சாப்பிடக் கூட்டிப்போகும்போது, ஓட்டுநர் வழியாக அம்மாவிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் வீட்டில் எத்தனை மாடு?" என் தாத்தா காலத்தில் நாலு இருந்தன, இப்போது இல்லை என்றார் அம்மா. அவனுக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. மாடு எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டான். அதற்கு அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. புல்வெளி எழுதியிருக்காவிட்டால் அந்தக் கேள்வியின் கனம் எனக்கு விளங்கியிருக்காது.

ராத்திரிகளைப் பற்றி எழுத வேண்டும். முதல் ராத்திரி நான் தூங்கவில்லை. கழுதைப்புலி கூப்பிடுவது கீழே தொடங்கி மேலே ஏறி முடிகிறது, கேள்வி கேட்கிற மாதிரி. எங்கேயோ தூரத்தில் ஒன்று கேட்கும், கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்திலிருந்து பதில் வரும். இரண்டாம் ராத்திரி சிங்கம். படத்தில் கேட்கிற கர்ஜனை இல்லை அது. வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து எடுத்து விடுகிற சத்தம், அடுத்தடுத்து, போகப் போகக் குறைந்துகொண்டே போய் அடங்குகிறது. எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும் என்றார்கள், அதனால் எவ்வளவு பக்கத்தில் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கை வைத்திருந்தேன், அது அதிர்ந்த மாதிரி இருந்தது. அம்மா இருட்டில், "மூடிதானே இருக்கு, படு" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் ராத்திரி மழை பெய்து விட்டதும் வில்டபீஸ்ட் கூட்டம் முகாமுக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தக் குரல் மழைக்குப் பிறகு குளத்தில் தவளைகள் கூட்டமாகக் கத்துவது போலத்தான் இருக்கும். கூடவே வரிக்குதிரைகளும் வந்திருந்தன. என் தலைமாட்டில், கித்தானுக்கு அந்தப் பக்கம், ஒன்று நின்று மேய்ந்தது. புல் பற்களில் சிக்கி அறுபடுகிற சத்தம், பிறகு மெல்லுகிற சத்தம், பிறகு வயிறு உருளுகிற சத்தம்கூடக் கேட்டது. நடுவில் ஒரு துணிதான். அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. காலையில் "ஹோடி" என்று கேட்டது, நான் வாய் திறப்பதற்குள் அம்மா "கரீபு" என்றார்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். சமவெளியில் ஒரு தாய் வில்டபீஸ்ட் படுத்தது, எழுந்தது, நாலடி நடந்தது, மறுபடி படுத்தது. வால் பக்கம் இரண்டு சின்னக் குளம்புகள் வெளியே தெரிந்தன, வெண்மஞ்சள் நிறத்தில், இன்னும் கெட்டிப்படாத மாதிரி. ஓட்டுநர் வண்டியைத் தள்ளியே நிறுத்தி எஞ்சினை அணைத்தார். கொஞ்ச தூரத்தில் இரண்டு குள்ளநரி வந்து உட்கார்ந்தன. கன்று தரையில் விழுந்ததும் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது முன்னங்காலை ஊன்றியது, மூக்கு மண்ணில் இடித்தது. பின்னங்காலைத் தூக்கியது, பக்கவாட்டில் சாய்ந்தது. தாய் நக்கிக்கொண்டே இருந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ முறை நாலு காலும் அகன்று நின்றது, ஈரம் வெயிலில் பளபளத்தது. "ஏழு நிமிஷம்" என்றார் அம்மா. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் அது தாயின் விலாவை ஒட்டிக் குதித்து ஓடியது. குள்ளநரிகள் நஞ்சுக்கொடியைத்தான் சாப்பிட்டன.

எங்களைச் சுற்றிலும் அதே மாதிரி கன்றுகள், வெளிர்பழுப்பு நிறத்தில், எண்ணி மாளாது. எல்லாம் பிழைக்காது என்பதையும் அன்று மத்தியானமே பார்த்தோம். ஒரு சிவிங்கிப்புலி பிடித்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அம்மா முழுக்கப் பார்த்தார். மொத்தமாகப் பிறந்தால்தான் பிடிக்கிறவை பிடித்தது போக மிஞ்சும் என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார்.

ஒரு எச்சரிக்கை. விலங்கு பார்க்கக் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்கள், சாப்பாடு வழியில் ஒன்பதுக்கு மேல்தான். முதல் நாள் எட்டு மணிக்கு அம்மாவுக்கு வியர்த்து, கை கால் உதறிவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டது. ஓட்டுநரிடம் குளுக்கோஸ் பிஸ்கட் இருந்ததால் தப்பித்தோம். மறுநாளிலிருந்து கிளம்பும் முன்பே சப்பாத்தி சுட்டுக் கொடுத்தார்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மருந்துப்பெட்டி | மார்ச் 9

எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும், எழுதாமல் விட்டது என் தவறு. இன்சுலின் போடுபவர்கள் அந்த முகாம் நேரத்துக்கு ஏற்ப அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு என் வணக்கம். மாத்திரையை ஏழு நாளும் முடித்தாரா?

மலைச்சாரல் | மார்ச் 9

முடித்தார். நான்தான் ஒரு நாள் மறந்தேன், அவர் நினைவுபடுத்தினார்.

நெடுவழி | மார்ச் 10

படித்துவிட்டு மாமனாருக்கும் வாசித்துக் காட்டினேன். அடுத்த முறை விமானத்தில் போவோமா என்று அவரே கேட்கிறார். செலவு எப்படி?

அருஷாவாசி | மார்ச் 10

நான் பார்த்தவரை இந்த மாதிரி முகாம்கள் ஒருவருக்கு ஓர் இரவுக்கு முந்நூறு டாலர் சுமாரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகின்றன. பூங்காக் கட்டணம், விமானம் இதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் தொகை வேறு மாதிரி ஆகிவிடும். இடுப்பு வலி உள்ளவருக்கு வண்டியில் நடு வரிசையில் இடம் கேளுங்கள், பின் வரிசை வேண்டவே வேண்டாம்.

மலைச்சாரல் | மார்ச் 12

அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். ஜூலை, ஆகஸ்டில் அதே முகாம் வடக்கே கோகடெண்டேக்குப் போய்விடுகிறதே, மாரா ஆற்றை வில்டபீஸ்ட் கூட்டம் கடக்கிற இடத்தில் மணிக்கணக்காக வண்டியிலேயே காத்திருக்க வேண்டுமாமே. முழங்காலை நீட்டி உட்கார இடம் இருக்குமா?

அருஷாவாசி | மார்ச் 12

இருக்கும். நீங்கள் இருவர் மட்டும் ஒரு வண்டி எடுத்தால் காலியாக இருக்கும் இருக்கையில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஏறி இறங்க ஒரு முக்காலி போடச் சொல்லி முன்கூட்டியே எழுதுங்கள். ஜூலை இறுதிக்குக் கூடாரம் வேண்டுமென்றால் இந்த மாதமே கேட்டுவிடுவது நல்லது, சீக்கிரம் நிறைந்துவிடும்.